தையல் அறை வீடு மாறிய விவரம்

லிஃப்ட் மெக்கானிக் வாடகைக்கு விடுவதற்காக வாங்கிய முதல் வீட்டுக்குப் பத்திரம் பதிந்த அன்று பிற்பகல், அவர் குடியிருந்த வீட்டின் சமையலறை காணாமல் போனது. இடிந்து விழவில்லை, ஒரு சத்தமும் கேட்கவில்லை. ஹாலிலிருந்து உள்ளே போகும் வாசல் இருந்த இடத்தில் வெள்ளையடித்த சுவர் இருந்தது, அவ்வளவுதான். வெளியே போய்ப் பார்த்தால் வீடு அந்த அளவுக்குக் குறுகிப்போயிருந்தது. பின்பக்கம் வெறும் மண், செங்கல் தூள்கூட இல்லை. மெக்கானிக்கின் மனைவிக்கு அதிர்ச்சியைவிட எரிச்சல்தான் அதிகம், ஏனென்றால் அடுப்பில் பாலை வைத்துவிட்டு அப்போதுதான் ஹாலுக்கு வந்திருந்தாள். வாடகைக்கு வர ஏற்கெனவே அட்வான்ஸ் கொடுத்துக் காத்திருந்த ஒரு நர்ஸ் அதே வேளையில் ஊரின் மறுகோடியில் இருந்த அந்தப் புது வீட்டில் சாமான்களை இறக்கினாள். இறக்கிய கையோடு போன் செய்தாள். "சார், உள்ள ரெண்டாவதா ஒரு கிச்சன் இருக்கு, நீங்க காட்டவே இல்லையே. அடுப்புல பால் பொங்கி வழியுது. நான் அணைச்சிட்டேன்." மெக்கானிக், அறை ஒன்று கூடுதலாக இருப்பதால் வாடகையையும் கொஞ்சம் பார்த்துச் செய்ய வேண்டியிருக்கும் என்றார்.

இது ஏன் நடந்தது என்பதில் பெரிய மர்மம் ஒன்றும் இல்லை. மனைவி கடைகளுக்குத் திரைச்சீலை தைப்பவள். அவளுக்கு ஒரு வழக்கம் இருந்தது: தையலில் வரும் காசை அறை அறையாகப் பிரித்து வைப்பாள். ஒழுகும் கூரைக்காக ஒரு கவர், அதன்மேல் 'சமையலறை' என்று எழுதியிருக்கும். மகளின் அறைக்கு அலமாரி செய்ய ஒரு கவர். தன் தையல் அறைக்குப் பெரிய ஜன்னல் வைக்க ஒரு கவர். மெக்கானிக் தன் சம்பளச் சேமிப்பு போதாமல் முதல் கவரை எடுத்து முன்பணத்தோடு சேர்த்துவிட்டார். எந்த அறையின் காசு போனதோ, அந்த அறையும் காசின் பின்னாலேயே போய்விட்டது. அந்த வட்டாரத்தில் அப்போது நிறையப் பேர் வாடகைக்கு விட வீடு வாங்கிக்கொண்டிருந்ததால் யாரும் மூக்கின்மேல் விரல் வைக்கவில்லை. பக்கத்துத் தெரு மருந்துக்கடைக்காரருக்கு மாடிப்படி போயிருந்தது, அவர் ஏணி வைத்துச் சமாளித்தார்.

மெக்கானிக் கெட்டவர் இல்லை, பயந்தவர். இருபது வயதிலிருந்து லிஃப்ட் குழிக்குள் தொங்கிக்கொண்டே மாடி மாடியாக மற்றவர்கள் வாழ்வதைப் பார்த்தவர். வயதான பிறகு கம்பியைப் பிடிக்கக் கையில் தெம்பு இருக்காது என்ற நினைப்பு அவரை ஆட்டிவைத்தது. வாடகை வந்து கடன் தவணையைக் கட்டும், கடன் தீர்ந்தால் வீடு கையில் மிஞ்சும், அதைக் காட்டி அடுத்த வீடு, அதற்கும் அடுத்தது. கடைசிக் காலத்தில் காலை நீட்டி உட்காரலாம். இதை அவர் சாப்பிடும்போது சொன்னார், பஸ்ஸில் சொன்னார், மனைவி தூங்கிய பிறகும் சொன்னார். கணக்கில் தப்பே இல்லை என்பதுதான் வேதனை. அவள் தினமும் காலையில் பஸ் ஏறிப்போய் நர்ஸ் வீட்டிலிருந்த தன் சமையலறையில் சமைத்து, டிபன் கேரியரில் போட்டுக்கொண்டு பஸ்ஸிலேயே திரும்பி வந்தாள். அப்படியே வருடங்கள் ஓடின. நர்ஸ் நல்லவள், உப்பு தீர்ந்தால் தானே வாங்கி வைப்பாள்.

இரண்டாவது வாடகை வீட்டுக்கு மகளின் அறை போனது. பத்தாவது படிக்கும் பெண் ஒரு சனிக்கிழமை விளையாடிவிட்டு வந்து பார்த்தால், அவள் கட்டிலும் புத்தகங்களும் அந்த வீட்டுக்கு வாடகைக்கு வந்திருந்த டிரைவிங் ஸ்கூல்காரர் ஒருவரின் குடும்பத்தோடு இருந்தன. அவர்கள் முகம் சுளிக்கவில்லை. பள்ளி விட்டதும் அவள் நேராக அங்கே போய்ப் படிப்பாள், பரீட்சை நேரத்தில் அங்கேயே தூங்குவாள். அந்த வீட்டம்மாவைச் சித்தி என்று கூப்பிடப் பழகிவிட்டாள். அடுத்த வருடம் மெக்கானிக் வாடகை ஏற்றப்போவது தெரிந்ததும், அப்பாவிடம் எதுவும் கேட்டுப் பழக்கமில்லாத அந்தப் பெண் கேட்டாள். "அப்பா, அங்க மட்டும் ஏத்தாதீங்கப்பா. இவங்க காலி பண்ணிட்டா புதுசா வர்றவங்க என்னை உள்ள விட மாட்டாங்க." சந்தை நிலவரம் என்று ஒன்று இருக்கிறதே என்று மெக்கானிக் அவளுக்கு ஆற அமர விளக்கினார். வாடகை ஏறியது. டிரைவிங் ஸ்கூல்காரர் கண் கலங்கிக் காலி செய்தார். புதிதாக வந்தவர் அந்த அறைக்குப் பூட்டுப் போட்டுத் தன் கடைச் சரக்கை அடுக்கிக்கொண்டார். பெண் ஹாஸ்டலுக்குப் போனாள், அங்கிருந்து வேலைக்குப் போனாள், வேலையிலிருந்து இன்னும் தூரமாக எங்கேயோ போனாள். போனில் நன்றாகத்தான் பேசுவாள். வீட்டுக்கு வா என்றால் மட்டும், எங்கே படுப்பது என்று சிரிப்பாள்.

மூன்றாவது வீடு மலிவாக வந்தபோது மிச்சமிருந்தது ஒரு ஹால், ஒரு குளியலறை, தையல் அறை. மனைவி கவரைத் தையல் மெஷினின் இழுப்பறையில், நூல்கண்டுகளுக்கு அடியில் வைத்திருந்தாள். மெக்கானிக்குத் தெரியும். ஒரு மெஷின் போட எதற்கு ஒரு முழு அறை, ஹால் ஓரத்தில் போட்டால் ஆகாதா என்று ஆரம்பித்தார்.

"அதை எடுக்காதீங்க," என்றாள். "எனக்குன்னு இருக்கிறது இது ஒண்ணுதான்."

"இதுதாம்மா கடைசி. இதோட நிறுத்திடறேன், சத்தியமா."

முதல் கவரை எடுத்தபோது அவருக்குத் தெரியாது. இரண்டாவதற்கு, சந்தேகம் மட்டும் இருந்தது என்று வைத்துக்கொள்ளலாம். இந்தக் கவரைத் தெரிந்தே எடுத்தார். பதிவு அன்று காலை மனைவி தையல் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு மெஷினில் உட்கார்ந்தாள். அதையும் பார்த்துவிட்டுத்தான் கையெழுத்துப் போடக் கிளம்பினார். அவருடைய மற்ற எல்லாக் காரியத்துக்கும் நான் ஏதாவது சமாதானம் சொல்லிவிடுவேன், இதற்கு மட்டும் என்னிடம் இல்லை.

மூன்றாவது வீட்டுக்கு வாடகைக்கு வந்தவர்கள் ஜெராக்ஸ் கடை வைத்திருந்த அக்கா தங்கை இருவர். சாமான் இறக்கும்போது உள்ளே மெஷின் ஓடும் சத்தம் கேட்டுக் கதவைத் திறந்தார்கள். குண்டூசியை உதட்டில் கடித்தபடி ஒருத்தி நீலத் துணிக்கு ஓரம் அடித்துக்கொண்டிருந்தாள். யாருக்கா நீங்க என்று தங்கை கேட்டாள். வீட்டுக்காரரின் மனைவி என்றும், இந்த ஓரம் முடிந்ததும் கிளம்பிவிடுவதாகவும் சொன்னாள். முடிய இருட்டிவிட்டது. அவர்கள் சாப்பிடச் சொன்னார்கள். மறுநாள் வேறு ஆர்டர் இருந்தது. அவளுக்குத் தலைக்கு மேல் வேலை எப்போதும் இருந்ததால், கிளம்புவது என்ற பேச்சு தள்ளிக்கொண்டே போய், வருடக்கணக்கில் தள்ளிப்போய், பிறகு யாரும் அதைப் பேசவில்லை. சும்மா இருக்க அவளுக்கு மனம் ஒப்பவில்லை. தான் இருக்கும் அறைக்கு மாதாமாதம் ஒரு தொகையை அக்காவின் கையில் திணித்தாள். அக்கா அதைத் தொடாமல் ஒரு கவரில் போட்டு, மேலே 'தையல் அறை' என்று எழுதி வைத்துவந்தாள்.

மெக்கானிக் ஹாலில் தனியாக இருந்தார். கடைச் சாப்பாடு, ஹால் நடுவில் ஒரு பாய். வாயைக் கட்டி வயிற்றைக் கட்டித் தவணைகளைக் கட்டினார். ஞாயிற்றுக்கிழமைகளில் மனைவியைப் பார்க்கப் போவார். அவள் தைத்துக்கொண்டே பேசுவாள், அவர் ஊசியில் நூல் கோத்துக் கொடுப்பார். மூன்று கடன்களும் ஒவ்வொன்றாகத் தீர்ந்தன. வேலையிலிருந்து ஓய்வு பெற்ற வாரம் அவர் முகமெல்லாம் மலர்ச்சி. அக்கா தங்கையைக் காலி செய்யச் சொல்லிவிட்டு, மனைவியிடம் ஓடினார்.

"முடிஞ்சிடுச்சும்மா. இனிமே நீயும் நானும் இந்த வீட்லயே இருக்கலாம். ஜன்னலைப் பெருசா வெச்சுத் தர்றேன்."

"அவங்க என்ன தப்பு பண்ணாங்க?" என்றாள் அவள்.

அக்கா தங்கைக்குப் புது வீட்டு அட்வான்ஸில் கொஞ்சம் இடித்தது. தங்கை தையல் அறை வாசலில் வந்து தயங்கி நின்றாள். "அக்கா, உங்க கவர்ல கை வைக்கட்டுமா? உங்களுக்கு வேணாம்னா வேணாம்." அந்தக் கவரை எடுத்தால் என்ன ஆகும் என்று அந்த ஊரிலேயே மெக்கானிக்கின் மனைவியைவிட நன்றாகத் தெரிந்தவர்கள் யாரும் இல்லை. அவள் மெஷினை நிறுத்தினாள். தன்னிடம் ஒருவர் கேட்டுவிட்டு எடுப்பது இதுவே முதல் தடவை என்பதால், பதில் சொல்ல அவளுக்கு நேரம் பிடித்தது. பிறகு எடுத்துக்கோங்க என்றாள். சொல்லும்போது அழுதாள் என்று தங்கை பின்னால் எல்லோரிடமும் சொன்னாள்.

மெக்கானிக் பாயைச் சுருட்டி எடுத்துக்கொண்டு சாவியோடு வந்து திறந்தபோது, தையல் அறை இருந்த இடத்தில் வெள்ளைச் சுவர் இருந்தது. அவர் கையால் தட்டிப் பார்த்தார், காதை வைத்துக் கேட்டார். பஸ் டிப்போவுக்குப் பின்னால் இருந்த சந்தில் அக்கா தங்கையின் புது வீட்டைக் கண்டுபிடிக்கச் சாயங்காலம் ஆகிவிட்டது. அதே அறை, அதே மெஷின், அதே சின்ன ஜன்னல். வீட்டுக்கு வா என்று கூப்பிட்டார்.

"எந்த வீட்டுக்கு?"

குத்திக்காட்டுவதற்காக அவள் அதைக் கேட்கவில்லை, தெரிந்துகொள்ளவே கேட்டாள். மெக்கானிக் மனதுக்குள் ஒவ்வொரு வீடாகப் போய்ப் பார்த்தார். முதலாவதில் நர்ஸ் இருந்தாள். அடுத்ததில் பூட்டு. மூன்றாவதில் சுவர். தன் சொந்த வீட்டில் ஒரு பாய் விரிக்கும் இடம்.

இப்போது அவர் அந்தச் சந்து வீட்டின் பின் போர்ஷனில் வாடகைக்கு இருக்கிறார். அவருடைய மூன்று வீட்டு வாடகையும் தேதி தவறாமல் வருகிறது, அதிலிருந்து தன் வாடகையைத் தேதி தவறாமல் கொடுக்கிறார். காலை நீட்டி உட்காரவும் செய்கிறார், தையல் அறை வாசலில், ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில். கதவு சாத்தியிருந்தால் தட்டுவதில்லை. மெஷின் சத்தம் நின்று, உள்ளே வரலாம் என்று அவள் சொன்னால் எழுந்து போகிறார். சில நாள் சொல்வாள், சில நாள் சொல்லமாட்டாள். அக்கா தங்கை அவரைச் சுற்றிக்கொண்டு போய்வந்து தங்கள் வேலையைப் பார்க்கிறார்கள்.