உப்புத் தண்ணீர் ஸ்கூட்டர்

லீவில் வந்தவனுக்கு லீவு கிடையாது. துபாய் பக்கம் ஃபுஜைராவில் ஆட்களைக் கடலுக்குள் கூட்டிக்கொண்டு போய், போனபடியே திரும்பக் கூட்டி வருவதுதான் பல வருடமாக என் பிழைப்பு. கண்ணாடியைச் சரிசெய், வாரை உள்ளே சொருகு, அதைத் தொடாதே, இதை விடாதே என்று தினமும் நாலு பாஷையில் கத்திக் கத்தித் தொண்டை கட்டிப்போனவன். சொந்த ஊர் அச்சன்புதூருக்கு வந்தால் வாயைத் திறக்காமல் கிடக்கலாம் என்றுதான் ஒவ்வொரு முறையும் விமானம் ஏறுவேன். இந்த முறை என் மச்சினன் சுஹைப் அதற்கும் வேட்டு வைத்தான்.

சுஹைப் என் மனைவி அலிமாவின் தம்பி. துபாயில் மொபைல் கடையில் நின்றது போதும் என்று ஊர் திரும்பியவன், போர்வையும் பேரீச்சம்பழமும் கொண்டுவர வேண்டிய இடத்தில் இரண்டு தண்ணீர் ஸ்கூட்டர்களைக் கார்கோவில் போட்டுக் கொண்டுவந்துவிட்டான். பார்ப்பதற்கு மேஜை மின்விசிறி மாதிரி இருக்கும். இரண்டு பக்கமும் கைப்பிடி, கூண்டுக்குள் ஒரு விசிறி. கைப்பிடியில் உள்ள விசையை அழுத்தினால் ஆளை இழுத்துக்கொண்டு தண்ணீருக்குள் போகும், விட்டால் நின்றுவிடும். இலஞ்சியில் மணிமுத்து அண்ணாச்சியின் தென்னந்தோப்புக் கிணற்றையும் குத்தகைக்குப் பேசிவிட்டான். படிக்கட்டு இறங்கும் பெரிய கிணறு, சாரல் நாளில் பாதிக்கு மேல் தண்ணீர் நிற்கும்.

"மச்சான், ஐந்தருவியில தண்ணி கூடிட்டுன்னா குளிக்க விட மாட்டாங்க. வேன்ல வந்த கூட்டம் பூரா ரூமுக்குள்ள உக்காந்து சீட்டு வெளையாடுது. எல்லாவனும் இங்கன வருவான். நீங்க கூட நின்னாத்தான் நான் ஆரம்பிப்பேன். இல்லன்னா இல்ல" என்றான்.

அவன் கணக்கு அவனுக்கு. அலிமாவின் கணக்கு வேறு. நான் சரி என்று சொன்னால் திரும்பப் போக வேண்டாம். எங்கள் மகள் அஃப்ரின் வளர்ந்ததை நான் பெரும்பாலும் போனில்தான் பார்த்திருக்கிறேன். அலிமா வாய்விட்டு எதுவும் கேட்கவில்லை. ஆனால் அந்த வாரம் முழுக்க என் தட்டில் மீன் துண்டு பெரியதாக விழுந்தது. எனக்கு மட்டும் ஆசை இல்லையா? இருந்தது. சரி என்ற வார்த்தை நாக்கு நுனியில் நின்றது.

வியாழக்கிழமை காலையில் நானும் அலிமாவும் சுஹைபும் தோப்புக்குப் போனோம். மணிமுத்து அண்ணாச்சி, "வீட்டுப் பொம்பள வந்திருக்காங்க, நான் வாசப்பக்கம் நிக்கேன் பாய்" என்று நாகரிகமாக ஒதுங்கிக்கொண்டார். நான் கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஸ்கூட்டரோடு இறங்கினேன். நடுக்கிணற்றில் கையை விட்டுப் பார்த்தேன். கடலில் விட்டால் மெதுவாக மேலே எழும்பும் வண்டி அது. இங்கே தலையைக் குனிந்துகொண்டு கீழே போனது. பாய்ந்து பிடித்தேன்.

கரையேறிச் சொன்னேன். "ஏலே, இது உப்புத் தண்ணிக்கு அளவெடுத்துச் செஞ்சது. நல்ல தண்ணியில மிதக்காது. கூட ஒரு மிதவை குடுத்திருப்பானே, அது எங்க?"

"பைக்குள்ள கெடக்கு மச்சான். அத மாட்டுனா மூக்கு வீங்குன மாதிரி அசிங்கமா இருக்கு. ஸ்பீடும் கொறையுது."

"அழகா இருந்து என்னத்துக்கு? கைய விட்டா மேல வரணும். அதான் வண்டி."

எண்ணெய் தேய்த்துக்கொண்டு வருகிறவன் கையில் பிடி வழுக்கும். சீக்கிரமாக இழுத்துக்கொண்டு கீழே போனால் காது அடைக்கும், மூக்கைப் பிடித்து ஊதத் தெரியாதவனுக்குச் செவிப்பறையே போகும். துண்டு, லுங்கி, சேலை, சுடிதார், எதோடும் யாரையும் இறக்கக் கூடாது, உடம்பை ஒட்டிய உடுப்பு மட்டும்தான். ஒரு ஆளுக்கு ஒரு ஆள் தண்ணீருக்குள் கூடவே நிற்க வேண்டும். எல்லாவற்றையும் சொன்னேன். சொல்லும்போதே எனக்கு அலுப்பாக இருந்தது. ஃபுஜைராவை விட்டு வந்தும் அதே பாட்டு.

"எல்லாத்துக்கும் பயந்தா எப்பிடி மச்சான்? சேல கட்டுனவங்கள வேண்டாம்னு சொன்னா பாதி கூட்டம் போயிரும்" என்றான் சுஹைப். அதற்குள் வாசலில் ஃபிளெக்ஸ் போர்டு கொண்டுவந்த ஆட்டோ ஹாரன் அடித்தது. முகத்தைத் தூக்கிக்கொண்டு போனான்.

நான் படியில் உட்கார்ந்து பைக்குள் தேடி மிதவையை எடுத்து, முதல் வண்டிக்கு மாட்ட ஆரம்பித்தேன். அலிமா கீழ்ப்படியில் நின்று தண்ணீரில் காலை ஆட்டிக்கொண்டிருந்தாள். சிறு வயதில் இதே இலஞ்சியில் உம்மா வீட்டுத் தோப்புக் கிணற்றில் நீச்சல் அடித்தவள் அவள். தண்ணீர் அவளுக்குப் புதிது இல்லை.

"இவ்வளவு சொல்லணுமா அவன்கிட்ட?" என்றாள். "சின்னப்பயலுவளே ஓட்டிருவானுவ. நானே ஓட்டிக் காட்டுதேன்."

"நில்லு. இத மாட்டி முடிச்சிருதேன்" என்றேன், திருகாணியிலிருந்து கண்ணை எடுக்காமல்.

தண்ணீரில் விழுந்த சத்தம்தான் கேட்டது. இரண்டாவது வண்டியை எடுத்துக்கொண்டு போயிருந்தாள், மிதவை இல்லாததை. தோப்பில் தேங்காய் வெட்டுகிற ஆட்கள் நடமாட்டம் இருந்ததால் தலையிலும் கழுத்திலும் சுற்றிய துப்பட்டாவை அவள் எடுக்கவில்லை. நுனியைச் சட்டைக்குள் சொருகி ஊக்கும் குத்தியிருந்தாள். ஐந்தருவியில் பெண்கள் அப்படித்தான் சொருகிக்கொண்டு நிற்பார்கள், அருவிக்கு அது போதும். ஆனால் அருவி மேலேயிருந்து விழுகிறது. இந்த விசிறி முன்னால் இருக்கும் தண்ணீரை உறிஞ்சுகிறது.

ஒரு சுற்று அழகாகப் போனாள். என்னைப் பார்த்துச் சிரிக்கக்கூடச் செய்தாள். திரும்பும் இடத்தில் துப்பட்டாவின் நுனி வெளியே வந்து மிதந்ததைப் பார்த்தேன். எழுந்து கத்துவதற்குள் அது கூண்டுக்குள் போய்விட்டது. மோட்டார் ஒரு முறை உறுமி நின்றது. அவள் பயத்தில் கையை விட்டாள். விட்ட வண்டி கீழே போனது, கழுத்தில் சுற்றிய துணி அவளையும் கூடக் கொண்டுபோனது.

சட்டையோடு குதித்தேன். இத்தனை வருடத்தில் எத்தனையோ பேரை மேலே தூக்கியிருக்கிறேன். அவளைத் தூக்கக் கூடாது, தூக்கினால் கழுத்து இன்னும் இறுகும் என்று எனக்குத் தெரியும். அவளைத் தாண்டிக் கீழே போய் வண்டியைத் தோளில் ஏந்தி மேலே தள்ளினேன். துணி தொய்ந்தது. ஊக்குகளைப் பிய்த்துத் துப்பட்டாவைத் தலையோடு உருவி எறிந்துவிட்டு, இடுப்பைப் பிடித்து மேலே கொண்டுவந்தேன்.

படியில் கிடந்து இருமினாள். மூக்கிலும் வாயிலும் தண்ணீர் வந்தது. முதுகைத் தட்டிக்கொண்டே அவள் மூச்சை எண்ணிக்கொண்டிருந்தேன். எனக்கு அழுகை வந்தது, அழுதேன். அவள் என் சட்டையைப் பிடித்து இழுத்துச் சொன்ன முதல் பேச்சு இதுதான்:

"சுஹைப்கிட்ட சொல்லிராதீங்க. ஒண்ணும் ஆகலன்னு சொல்லிருங்க."

என் துண்டை எடுத்துத் தலையையும் கழுத்தையும் சேர்த்து மூடிக்கொண்டாள். கழுத்தில் சிவப்பாக ஒரு கோடு விழுந்திருந்தது. அதை மறைக்கத்தான் மூடினாள். தாலிச் சங்கிலியின் கருகமணி அறுந்து இரண்டு மணி படியில் கிடந்தது, அதைக்கூட அவள் பொறுக்கவில்லை.

சுஹைப் கையைத் தட்டி மண்ணை உதறியபடி வந்தான். "என்னக்கா, நீயும் எறங்கிட்டியா? பாத்தீங்களா மச்சான். ஞாயித்துக்கெழம தொடங்கிரலாமா?"

அலிமா என்னைப் பார்த்தாள். கல்யாணமான நாளிலிருந்து அவள் என்னிடம் எதையும் அப்படிக் கேட்டதில்லை. சரி என்ற ஒரு வார்த்தைதான். சொன்னால் பெட்டி கட்ட வேண்டாம். மிதவை மாட்டலாம், உடுப்பு வாங்கலாம், எல்லாம் செய்யலாம். ஆனால் நான் சொன்னது அத்தனையும் காதில் வாங்கிக்கொண்டு பக்கத்திலேயே நின்ற என் பெண்டாட்டி கேட்கவில்லை. ஈரோட்டிலிருந்து வேன் பிடித்து வருகிறவன் கேட்பானா? அவன் பெண்டாட்டி கேட்பாளா? சேலைக்காரியைத் திருப்பி அனுப்பச் சொன்னால் இவன்தான் அனுப்புவானா?

"வேண்டாம்லே. போர்ட அவுத்துரு" என்றேன். "துப்பட்டா உள்ள மாட்டிட்டு. உங்க அக்கா இப்ப உசுரோட இருக்கதே பெருசு."

அவன் முகம் செத்துப்போனது. அக்காவின் கழுத்தைப் பார்க்கப் பக்கத்தில் வந்தான், அவள் விடவில்லை. மணிமுத்து அண்ணாச்சி வந்து விஷயத்தைக் கேட்டுவிட்டு, கிணற்றுக் கதவைத் தானே பூட்டினார்.

பைக்கில் திரும்பும்போது அலிமா என் முதுகில் சாய்ந்துகொண்டு வந்தாள். செங்கோட்டை ரோட்டுக்கு வந்ததும் என் காதருகே குனிந்தாள்.

"ஒரு பொய் சொல்லிருக்கலாம்ல நீங்க" என்றாள்.

"எதுக்கு?"

"எனக்காக."

சாரல் விழ ஆரம்பித்திருந்தது. ரோட்டோரம் ஒதுங்கலாமா என்று கேட்டேன், வேண்டாம் என்றாள். பிறகு என் சட்டையை இன்னும் கொஞ்சம் இறுக்கிப் பிடித்துக்கொண்டு, மசாலாப் பொடி எவ்வளவு அரைக்க வேண்டும், இந்தத் தடவை ஃபுஜைராவுக்கு ஊறுகாய் கொண்டுபோவீர்களா என்று கேட்டாள்.