கேப்டன் டார்டாஃபின் பேரன்

என் மனைவி க்ளெண்டா பள்ளிக்கூடச் சமையலறை வேலையிலிருந்து ஓய்வு பெற்ற மறு மாதமே தன் வம்சத்தைத் தேடத் தொடங்கிவிட்டாள். சுவரில் ஒட்டி மிஞ்சிய பூப்போட்ட காகிதச் சுருளைச் சாப்பாட்டு மேசையில் கவிழ்த்து விரித்து, பின்பக்கத்தில் பெயர்களை எழுதிக் கோடுகளால் இணைத்தாள். மேசையில் இடமில்லாமல் போனதால் அந்தக் குளிர்காலம் முழுக்க நான் தட்டை மடியில் வைத்துக்கொண்டு சாப்பிட்டேன்.

டார்டாஃப் குடும்பத்தில் தேடுவதற்குப் பெரிதாக ஒன்றும் இருக்காது என்றுதான் நினைத்தேன். பார்ன்ஸ்லிக்குப் பக்கத்திலிருக்கும் ஸ்கெல்பி என்ற எங்கள் சுரங்க ஊரைவிட்டு அவர்கள் எங்கும் போனதில்லை. ஆண்கள் நிலக்கரி வெட்டினார்கள், பெண்கள் கரி படிந்த சட்டைகளை அடித்துத் துவைத்தார்கள், எல்லோரும் நெஞ்சுச் சளியில் செத்தார்கள். க்ளெண்டாவின் கொள்ளுத்தாத்தாவிடம் வேறு சொத்து எதுவும் இல்லாததால், பிள்ளைகளுக்குப் பட்டங்களையே பெயராக வைத்துவிட்டார் போலிருக்கிறது. மூத்தவர் ஸ்குவையர், அதாவது பண்ணையார். அடுத்தவர் மேஜர். மூன்றாவதாகப் பிறந்த க்ளெண்டாவின் தாத்தாவின் முறை வருவதற்குள் பட்டங்கள் தீர்ந்துபோய், அவர் வெறும் சேத் ஆகிவிட்டார். கடைசியாக கெஸியா என்று ஒரு பெண்.

எல்லோரும் சுலபமாகக் கிடைத்தார்கள். கேப்டன் மட்டும் அகப்படவில்லை.

கேப்டனைத் தெரியாத டார்டாஃப் கிடையாது. கல்யாண வீட்டிலும் சாவு வீட்டிலும் இரண்டு கோப்பை பீர் உள்ளே போனதும் அவர் கதை வந்துவிடும். சேத்தோடு கூடவே சுரங்கத்தில் வேலை பார்த்தவர். ஒருநாள் சுரங்கத்துக்குள்ளே நட்ட நடுவில் நின்றுவிட்டாராம். சேத் திட்டியும் தள்ளியும் ஓரடி எடுத்து வைக்கவில்லையாம். அந்த நேரத்தில் முன்னால் கூரை மொத்தமாக இடிந்து விழுந்ததாம். அன்றைக்கு கேப்டன் நிற்காவிட்டால் சேத் இல்லை, க்ளெண்டா இல்லை, நான் ஒருவேளை வேறு யாரையாவது கட்டிக்கொண்டு மேசையில் சாப்பிட்டுக்கொண்டிருப்பேன்.

க்ளெண்டா எல்லா உறவினருக்கும் தொலைபேசியில் பேசி, அவர்களுக்குத் தெரிந்ததைச் சேகரித்தாள்.

மேஜரின் மகள் ஆலிவ் அத்தைக்கு எண்பது வயது. "எங்கப்பா சொல்லுவாரும்மா, கேப்டனை மாதிரி ஒரு உழைப்பாளியைப் பார்க்க முடியாதுன்னு. அசந்து போச்சுன்னா நின்னுக்கிட்டே தூங்கிடுவானாம், பாவம்."

"குணம் எப்படி அத்தை?"

"யாரைப் பத்தியும் ஒரு கெட்ட வார்த்தை பேசினதில்லை. ஆனா அடுத்தவங்க சாப்பாட்டு டப்பாவைத் திறந்து தின்னுடுவானாம். அது ஒண்ணுதான் கெட்ட பழக்கம்."

ஆள் எப்படி இருப்பார் என்றும் கேட்டாள். நீள முகம், பெரிய பல், ஒரு கண் பார்வை கிடையாது, நெற்றியில் விழும் முடியை கெஸியா மட்டும்தான் வெட்டிவிடலாம், வேறு யாராவது கத்தரியோடு வந்தால் கடிப்பார் என்று பதில் வந்தது. க்ளெண்டா ஒன்று விடாமல் குறித்துக்கொண்டாள்.

இந்தத் தேடலில் அவளைவிட அதிக ஆவல் நெவிலுக்கு. நெவில் கெஸியாவின் பேரன், கிரிம்ஸ்பியில் லாரி ஓட்டி ஓய்வு பெற்றவன், கதவை அடைத்துக்கொண்டு நிற்கிற உடம்பு. கேப்டன்தான் அவனுடைய தாத்தா. அவன் அப்பா க்ளிஃபர்டுக்குத் தன் அப்பா முகமே தெரியாதாம். ஆனால் கேப்டன் பெயரைச் சொன்னால் நெவிலுக்கு நெஞ்சு நிமிர்ந்துவிடும். முழங்கைக்கு மேலே அந்தப் பெயரைப் பச்சை குத்தியிருந்தான். வசந்த காலத்தில் டார்டாஃப்கள் எல்லோரையும் ஸ்கெல்பி தொழிலாளர் கிளப்புக்கு வரவழைத்து, தாத்தாவுக்கு ஒரு நினைவுக் கல் திறக்கப்போவதாக அறிவித்திருந்தான்.

அதற்குள் பிறந்த தேதியாவது கிடைக்க வேண்டும் என்று க்ளெண்டா ஆவணக் காப்பகத்துக்கு நடையாய் நடந்தாள். பிறப்பில்லை, இறப்பில்லை, கல்யாணமில்லை. கடைசியில் ஊர்த் தேவாலயத்தின் பழைய பதிவுகளில், 1922ஆம் வருஷம் க்ளிஃபர்டுக்கு ஞானஸ்நானம் கொடுத்த இடத்தில், அந்தப் பெயர் இருந்தது. தகப்பன்: கேப்டன் டார்டாஃப், நிலக்கரித் தொழிலாளி. தாய்: கெஸியா.

அன்றைக்கு வீட்டுக்கு வந்தவள் கோட்டைக்கூடக் கழற்றாமல் என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள். மேசைக்குப் போய் சேத், மேஜர், ஸ்குவையர் வரிசையில் கேப்டனை எழுதினாள். அங்கிருந்து கெஸியாவுக்குக் கோடு இழுக்கப் போனவள் பேனாவோடு அப்படியே நின்றுவிட்டாள்.

"ட்ரெவர், இங்க வா."

போனேன்.

"கேப்டன், எங்க சேத் தாத்தாவுக்குக் கூடப்பிறந்தவரா?"

"அப்படித்தானே எல்லாரும் சொல்றாங்க. பேரும் அந்த வரிசையிலதானே இருக்கு."

"கெஸியா, சேத் தாத்தாவுக்கு யாரு?"

"தங்கச்சி."

அவள் பேனாவால் முதலில் கேப்டனையும் பிறகு கெஸியாவையும் தொட்டுக் காட்டினாள். எனக்குக் கொஞ்சம் நேரம் பிடித்தது. பிடிபட்டதும் நாற்காலியைத் தேடி உட்கார்ந்தேன்.

அதற்கப்புறம் ஒரு வாரம் வீட்டில் இழவு விழுந்த மாதிரி இருந்தது. க்ளெண்டா காகிதச் சுருளைச் சுருட்டிப் படுக்கைக்கு அடியில் தள்ளினாள். இரண்டு குடும்பம் டார்டாஃப் இருக்கலாம், தூரத்துச் சொந்தமாக இருக்கலாம், பாதிரியார் தப்பாக எழுதியிருக்கலாம் என்று நான் என்னென்னவோ சொல்லிப் பார்த்தேன்.

"நெவில் கல்லு செதுக்கக் கொடுத்துட்டான்," என்றாள். "தங்கச்சியைக் கட்டினவனுக்குக் கல்லு வச்சுக் கைதட்டப் போறோம், கூடவே பன்றிக்கறி பஃப்ஸும் சாப்பிட்டுக்கிட்டு."

உண்மை தெரிந்திருக்கக்கூடிய ஒரே ஆள் வில்ஃப் சித்தப்பா. சேத்தின் கடைசி மகன், தொண்ணூற்றிரண்டு வயது, முதியோர் இல்லத்தில் இருந்தார். க்ளெண்டாவின் அப்பாவுக்கும் அவருக்கும் ஒரு புறா விஷயத்தில் முப்பது வருஷமாகப் பேச்சுவார்த்தை இல்லை. அப்பா செத்த பிறகும் அந்தச் சண்டையை விடாமல் காப்பாற்றி வந்தோம். இப்போது வேறு வழியில்லை. ஒரு டப்பா பிஸ்கட்டோடு போனோம்.

"யாரு, ரெஜ் மகளா?" என்றார் வில்ஃப். "புறாவைத் திருப்பிக் குடுக்க வந்தியா?"

"புறா செத்து எவ்வளவோ வருஷம் ஆச்சு சித்தப்பா. கேப்டனைப் பத்திக் கேக்க வந்தேன்."

கிழவர் முகம் மலர்ந்தது. "கேப்டனா! என்னை முதுகுல ஏத்திக்கிட்டு ஊரையே சுத்தியிருக்கான் தெரியுமா?"

"சித்தப்பா, மனசுல ஒண்ணு உறுத்துது. அவரு... கெஸியா பாட்டிக்கு அண்ணன்தானே?"

"யாரு?"

"கேப்டன்."

வில்ஃப் அவளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பிஸ்கட் டப்பாவைப் பார்த்தார். "உடம்பு கிடம்பு சரியில்லையாம்மா உனக்கு? கேப்டன் குதிரை."

"குதிரையா?" என்றாள் க்ளெண்டா.

"மட்டக்குதிரை. சுரங்கத்துல கரித் தொட்டி இழுத்தது. எங்கப்பாதான் அதை ஓட்டினது. வயசாகி வேலையை விட்டு அனுப்பினப்போ கசாப்புக்குப் போக விடாம வீட்டுக்குக் கூட்டிட்டு வந்துட்டாரு. நம்ம கேப்டன், நம்ம கேப்டன்னுதான் கூப்பிடுவோம்."

"ஆனா ஞானஸ்நானப் பதிவுல..."

வில்ஃப் சிரிக்க ஆரம்பித்தார். சிரிப்பு இருமலாகி, இருமல் மறுபடி சிரிப்பாகி, செவிலிப் பெண் ஓடிவந்து முதுகைத் தட்டி எங்களை முறைத்துவிட்டுப் போனாள். அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னார்.

கெஸியாவுக்குக் கல்யாணம் ஆகாமல் பிள்ளை பிறந்தது. தகப்பன் பெயரை அவள் தன் அம்மாவிடம்கூடச் சொல்லவில்லை. ஊருக்குப் புதிதாக வந்த பாதிரியார் ஞானஸ்நானத் தொட்டிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு, தகப்பன் பெயரைச் சொல் சொல் என்று எல்லோர் முன்னிலும் குடைந்திருக்கிறார். கெஸியா நேராக அவர் கண்ணைப் பார்த்து, "கேப்டன்" என்றாளாம். பாதிரியார் என்ன தொழில் என்று கேட்டாராம். சேத் முந்திக்கொண்டு, "நிலக்கரிதான் ஐயா. இதுவரை ஒருநாள் லீவு எடுத்ததில்லை" என்றாராம். பாதிரியார் குடும்பப் பெயரையும் தானே சேர்த்து அப்படியே எழுதிக்கொண்டார். கோயிலில் உட்கார்ந்திருந்த சுரங்கக்காரர்களில் ஒருத்தர்கூட வாயைத் திறக்கவில்லை.

"அப்ப நிஜமான தகப்பன் யாரு சித்தப்பா?"

"தெரியாது. கேட்டவங்களுக்கெல்லாம் அத்தை கதவைத்தான் காட்டினா. கேப்டனும் அவ கையால கொடுத்தாத்தான் தின்னும். செத்தப்போ எங்க தோட்டத் துண்டிலேயே புதைச்சோம். அதுக்கப்புறம் வந்த முட்டைக்கோஸ் மாதிரி நான் வாழ்நாள்ல பார்த்ததில்லை."

காரில் ஏறி உட்கார்ந்ததும் க்ளெண்டா பெருமூச்சு விட்டாள். "நல்லவேளை."

"என்ன நல்லவேளை?"

"குதிரையாப் போச்சே! அண்ணனா இருந்திருந்தா என்ன பண்ணியிருப்போம்?"

எனக்கும் பாரம் இறங்கின மாதிரிதான் இருந்தது. பாதி வழி வந்த பிறகுதான் நெவில் ஞாபகம் வந்தது.

அன்று மாலையே க்ளெண்டா அவனைத் தொலைபேசியில் கூப்பிட்டாள். லாரி ஓட்டி ஓட்டி நெவிலுக்கு ஒரு காது மந்தம்.

"நெவில், கேப்டன் ஒரு குதிரை!"

"ஆமாமா! குதிரை மாதிரிதான் உழைச்சிருக்காரு!"

"மாதிரி இல்லை நெவில், நாலு கால்..."

"நாலு நாள்தானே இருக்கு! கல்லு ரெடி! பார்த்தா அழுதிடுவே நீ!" என்று சொல்லித் தொலைபேசியை வைத்துவிட்டான்.

கிளப்பில் நாற்பது டார்டாஃப்கள் கூடியிருந்தார்கள். பஃப்ஸ், சாண்ட்விச், ஊறுகாய் போட்ட வெங்காயம், எல்லாம் ஒழுங்காக இருந்தது. நாங்கள் சீக்கிரமே போய் நெவிலைப் பிடிக்க நினைத்தோம். ஆனால் எங்களைக் கண்டதும் அவனே க்ளெண்டாவின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய், மூலையில் போர்வை போட்டு மூடியிருந்த கல்லின் முன்னால் நிறுத்தினான்.

"உனக்கு மட்டும் முன்னாடியே காட்டறேன். நீ அனுப்பின அடையாளத்தை வச்சுத்தான் செதுக்கச் சொன்னேன்."

போர்வையை விலக்கினான். கறுப்புக் கல்லில், கோட்டும் கழுத்துப்பட்டையுமாக ஒரு மனிதர். முகம் நீளம். கல்லில் பாதியை முகமே அடைத்திருந்தது. உதட்டை மீறிய பல். ஒரு கண் மூடியிருந்தது. நெற்றியில் முடிக்கற்றை விழுந்திருந்தது. செதுக்கியவர் கைதேர்ந்தவர், தனக்குச் சொன்னதை அப்படியே செய்திருந்தார். நான் திரும்பிச் சுவரில் மாட்டியிருந்த அம்பு விளையாட்டுப் பலகையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். மறுபடி கல்லைப் பார்த்திருந்தால் சிரித்திருப்பேன்.

"எப்படி?" என்றான் நெவில். "என் ஜாடை இருக்கில்ல?"

க்ளெண்டா அவனை நாற்காலிகள் அடுக்கி வைக்கும் அறைக்குள் அழைத்துப் போய்க் கதவைச் சாத்தி, கேட்கிற காதுப் பக்கம் நின்று எல்லாவற்றையும் சொன்னாள். நான் வெளியே காவல் நின்றேன். ரொம்ப நேரம் கழித்து நெவில் வெளியே வந்தான், யாரையும் பார்க்காமல் நடந்து போய்த் தன் வேனில் ஏறி உட்கார்ந்தான். வண்டியைக் கிளப்பவில்லை.

நான் ஒரு தட்டில் பஃப்ஸ் எடுத்துக்கொண்டு போய்ப் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்தேன். வேறு என்ன செய்வதென்று தெரியவில்லை.

"எங்கப்பா சாகும்போதுகூடச் சொன்னாரு ட்ரெவர்," என்றான். "என் அப்பன் ஓடிப்போனவன் இல்லை, உழைச்சு உழைச்சே செத்தவன்னு."

"அது பொய்யில்லையே," என்றேன்.

அவன் பச்சை குத்திய இடத்தைத் தடவிக்கொண்டான். "கெஸியா பாட்டி கையால மட்டும்தான் சாப்பிட்டதா?"

"வில்ஃப் அப்படித்தான் சொன்னாரு."

"வேலையை விட்டதும் நம்ம வீட்டுலதான் இருந்ததா? எங்கப்பாவும் அது முதுகுல ஏறியிருப்பாரா?"

"ஏறாம இருந்திருப்பாரா? ஊர்ப் பிள்ளைங்க எல்லாம் ஏறியிருக்கும்."

நெவில் சன்னல் பக்கம் திரும்பி அழுதான். அவ்வளவு பெரிய ஆள் அழும்போது வேன் லேசாக ஆடியது. பிறகு மூக்கைச் சிந்திவிட்டு உள்ளே போய், கரண்டியால் கோப்பையைத் தட்டி, நாற்பது பேர் முன்னிலும் விஷயத்தைத் தானே போட்டு உடைத்தான்.

முதலில் கடைசி வரிசையிலிருந்து ஆலிவ் அத்தையின் குரல் வந்தது: "அதான் நின்னுக்கிட்டே தூங்கினானா!"

அவ்வளவுதான், கிளப் இடிந்து விழுகிற மாதிரி சிரித்தார்கள். நெவிலும் சிரித்தான். அடங்கியதும் க்ளெண்டா அவனருகே வந்து, "நிஜமான ஆள் யாருன்னு வேணும்னா தேடிப் பார்க்கட்டுமா? எச்சிலை வச்சே வம்சத்தைக் கண்டுபிடிக்கிற பரிசோதனையெல்லாம் இருக்கு" என்றாள்.

"அந்த ஆளா?" என்றான். "வந்து ஒருநாள் என் பாட்டி வீட்டுக் கதவைத் தட்டியிருக்கானா? விடு."

கல்லை என்ன செய்வது என்று பேச்சு வந்தது. உருவத்தை அழித்துவிடலாம் என்று ஒருவர் சொன்னார். ஆனால் 'கேப்டன் டார்டாஃப், நிலக்கரித் தொழிலாளி, ஸ்கெல்பி' என்றுதான் அதில் எழுதியிருந்தது. தப்பு என்று சொல்ல ஒரு வார்த்தை இல்லை. அப்படியே சேத்தின் பழைய தோட்டத் துண்டில் நடுவது என்று முடிவானது. இப்போது அதைக் குத்தகைக்கு எடுத்திருக்கும் இளம் தம்பதியர், நாங்கள் சொன்னதில் எவ்வளவு புரிந்ததோ, முட்டைக்கோஸை மிதிக்காமல் இருந்தால் சரி என்றார்கள்.

கிளம்பும்போது மழை பிடித்துக்கொண்டது. கல்லைத் தள்ளுவண்டியில் ஏற்றி, குடை பிடித்துக்கொண்டு எல்லோரும் பின்னால் நடந்தோம். தோட்டத்துக்கு ஏறும் மேட்டு வழியில் சக்கரம் சேற்றில் புதைந்து நின்றுவிட்டது. பின்னாலிருந்து ஐந்தாறு பேர் தள்ளினோம், அசையவில்லை. நெவில் கோட்டைக் கழற்றி க்ளெண்டாவிடம் கொடுத்தான். வேனிலிருந்து கயிறு கொண்டுவந்து வண்டியில் கட்டி, மறுமுனையைத் தோளுக்குக் குறுக்கே போட்டுக்கொண்டு, தலையைக் குனிந்து இழுத்தான். சக்கரம் சேற்றிலிருந்து கிளம்பியது. மேடு முடியும்வரை அவன் நிற்கவில்லை. பின்னால் வந்த எங்களில் ஒருத்தர்கூடக் குதிரை என்ற வார்த்தையைச் சொல்லவில்லை.