சரீபா வீட்டுக் கோழியின் குளிர்

வல்லாஹி, இதில் ஒரு சொல்லும் பொய்யில்லை. மருதமுனைக் கடற்கரைப் பக்கம் யாரை நிறுத்தியும் கேட்கலாம். சரீபாவின் கோழி படுத்திருக்கும் இடத்தைச் சுற்றிப் பத்து முழத்துக்குக் குளிரும். கழுத்தில் ஒரு இறகுகூட இல்லாத ஊர்க்கோழி அது. எழுபத்தெட்டுச் சூறாவளியில் ஊர்க் கூரைகள் பறந்தபோது, அதன் பாட்டிக்குப் பாட்டி முருங்கைக் கொப்பில் இருந்தபடியே முட்டையிட்டது.

வேலிக்கு அந்தப் பக்கம் நளீம். முட்டைக்கு வளர்க்கும் இருநூறு வெள்ளை லேயர் கோழி, மூன்று மின்விசிறி. ஒரு வருட நோன்பில் அடித்த வெயிலுக்கு அவருடைய கோழிகள் நாளுக்கு நாலைந்தாகச் செத்தன. ஊரோ பின்னேரம் அஸர் தொழுதுவிட்டுப் பாயோடு சரீபாவின் வளவுக்குப் போய், நோன்பு திறக்கும்வரை போர்த்திக்கொண்டு இருந்தது. நளீமின் மனைவி றஸ்னாகூடத் தேங்காய் துருவுபலகையைத் தூக்கிக்கொண்டு அங்கேதான் போனாள். அதைப் பார்க்கப் பார்க்க நளீமின் சேர்ட் முதுகுப் பக்கம் இஸ்திரிப்பெட்டி வைத்ததுபோல் கருகத் தொடங்கியது. வாரத்தில் மூன்று சேர்ட் போனது.

கேட்டால் சரீபா கோழியைத் தந்துவிடுவார். ஆனால் கேட்டால், அது நல்ல கோழி என்று ஒப்புக்கொண்டதாகிவிடும். நளீம் வேறு வழி பார்த்தார். கஞ்சி வந்த பாத்திரத்தை வெறுமையாகத் திருப்பி அனுப்புவது அங்கே வழக்கமில்லை. ஆகவே தினமும் சரீபாவுக்குக் கஞ்சி அனுப்பினார், நாளுக்கு நாள் பெரிய பாத்திரத்தில். பதிலுக்குப் பேரீச்சம்பழம் வந்தது, வட்டிலப்பம் வந்தது, ஒருநாள் பூசணிக்காய் வந்தது.

“நாளைக்கு என்ன, பள்ளிவாசல் அண்டாவிலயா அனுப்பப் போறீங்க?” என்றாள் றஸ்னா.

அண்டாவில்தான் அனுப்பினார். இருபதாம் நோன்பன்று அது திரும்பி வந்தபோது உள்ளே கோழி இருந்தது. கூடவே சரீபாவும் வந்திருந்தார்.

“வெறும் சட்டி அனுப்பினா மரியாதையில்ல தம்பி. ஊட்டுல வேற ஒண்டும் இல்ல.”

அன்றோடு நளீமின் கோழிகள் சாவது நின்றது, சேர்ட் கருகுவதும் நின்றது. தெருப் படலையடியில் கதிரை போட்டு மூன்று நாள் ஊருக்காகக் காத்திருந்தார். ஒருவரும் வரவில்லை. வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்தார். கோழி இல்லாத வெறுங்கூடையைச் சுற்றி ஊர் போர்த்திக்கொண்டு இருந்தது. கோழி வந்தும் குளிர் பாதி அங்கேயே தங்கிவிட்டிருந்தது. நளீமின் முதுகில் மறுபடி புகை மணத்தது.

ஒரு கையில் கதிரையும் மறுகக்கத்தில் கோழியுமாக நளீம் அங்கே போனார்.

“ராத்தா, கோழிக்கு எங்கட ஊட்டுல புழுங்குதாம்.”

“கோழிக்கா, உங்களுக்கா?” என்றபடி சரீபா பாயைச் சற்றே நகர்த்தினார்.

நளீம் அமர்ந்தார். பெருநாளுக்கு முன் அவருக்குத் தும்மலும் தடிமனும் பிடித்தது. ஹஜ்ஜுப் பெருநாள் வருவதற்குள் இரண்டு வளவிலும் கழுத்தில் இறகில்லாத குஞ்சுகள் ஓடின. எது யாருடையது என்று இதுவரை ஒருவரும் கேட்கவில்லை.

வானிலை நிலையத்தின் பதிவேடு மட்டும், அந்த நோன்பு முப்பது நாளும் மருதமுனையில் அடைமழை என்கிறது.