விமானத்துக்குப் பனியன் துணி

ஈஸ்வரமூர்த்தி முதலாளிக்கு விமானப் பைத்தியம் பிடித்தது 2007 கோடையில். பிடித்தது அவருக்கு, ஞாயிற்றுக்கிழமையைப் பறிகொடுத்தது அவருடைய பனியன் கம்பெனி ஆட்கள். அவிநாசிபாளையத்தைத் தாண்டி ஒரு பழைய விமான நிலையம் இருந்தது. யுத்த காலத்தில் போட்டது. பிறகு விமானம் ஓட்டப் பழக்கும் கிளப் ஒன்று கொஞ்ச நாள் நடந்து, அதுவும் மூடிப்போய், ஓடுபாதையில் ஆடு மேய்ந்தது. தகரக் கொட்டகைக்குள் இரண்டு பேர் உட்காரும் பயிற்சி விமானம் ஒன்று எலிப் புழுக்கைக்கு நடுவே கிடந்தது. அதைக் காப்பாற்றிச் சுதந்திர தினத்தன்று ஊருக்குக் காட்டுவது என்று முதலாளி ஒரு குழு அமைத்தார். முதுகில் 'தன்னார்வலர்' என்று அச்சடித்த டி-ஷர்ட்டும் கொடுத்தார். ஆர்வம் இருக்கிறதா என்று மட்டும் யாரையும் கேட்கவில்லை.

ரோஸ்மேரியையும் கேட்கவில்லை. அவள் சாம்பிள் டெய்லர். அவள் தைத்ததைச் சரக்கு வாங்க வரும் வெளிநாட்டு பையர்கள் புரட்டிப் புரட்டிப் பார்ப்பார்கள், ஒரு குறை சொல்ல மாட்டார்கள். விமானத்தின் இறக்கை என்பது மரச்சட்டத்தின் மேல் துணி போர்த்திக் கையால் தைத்த சமாசாரம் என்று தெரிந்ததுமே முதலாளி அவள் பெயரை முதலில் எழுதிவிட்டார். அன்றிலிருந்து ஞாயிறு காலை ஏழு மணிக்கு கம்பெனி வேன் அவள் வீட்டு வாசலில் ஹாரன் அடித்தது.

மாதத்தில் ஒரே ஒரு ஞாயிறுதான் அவளுக்கு ஞாயிறு. மகள் ஜோதிகா அமராவதி நகர்ப் பக்கம் கன்னியாஸ்திரிகள் நடத்தும் விடுதிப் பள்ளியில் ஆறாம் வகுப்பில் சேர்ந்திருந்தாள். பிள்ளைகளைப் போய்ப் பார்க்க இரண்டாவது ஞாயிறு, சாயங்காலம் ஐந்து மணி வரை. தூத்துக்குடிப் பக்கமிருந்து பிழைக்க வந்த இடத்தில் புருஷன் செத்து நாலு வருஷம். போய்ப் பார்க்க வேறு நாதி கிடையாது. ஜூன் மாத ஞாயிற்றை விமானம் தின்றது. ஜூலையையும் தின்றது. வர முடியவில்லை என்று போனில் சொன்னபோது ஜோதிகா "சரி" என்ற ஒரு வார்த்தையோடு வைத்துவிட்டாள். அழுதிருந்தால் ரோஸ்மேரிக்குத் தேவலாம் போலிருந்திருக்கும்.

அவள் முதலாளியிடம் போய் நின்றாள். ஆகஸ்டு ஐந்தாம் தேதிக்குள் இறக்கைகளை முடித்துவிட்டால் பன்னிரண்டாம் தேதி ஞாயிறு அவளுடையது என்று அவர் வாக்குக் கொடுத்தார்.

அந்தக் கூட்டத்தில் தானாக வந்த ஒரே ஆள் திருமூர்த்திதான். விமானப்படையில் இருபது வருஷம் மெக்கானிக்காக இருந்துவிட்டு சேவூரில் விவசாயம் பார்த்தவர். மொபெட்டில் வருவார், யாரோடும் டீ குடிக்க மாட்டார். ரோஸ்மேரியின் தையலில் ஒரு கண்ணி தள்ளிப் போனாலும் பிரிக்கச் சொல்லுவார். இவருக்குப் பொண்டாட்டி பிள்ளைகள் எப்படித்தான் வாய்த்தார்களோ என்று அவள் மனதுக்குள் திட்டிக்கொண்டே பிரிப்பாள்.

ஜூலை கடைசி வாரத்தில் துணி வந்து இறங்கியது. அத்தனையும் கம்பெனியின் எக்ஸ்போர்ட் இன்டர்லாக் பனியன் துணி, பால் மாதிரி வெள்ளை. திருமூர்த்தி அதைத் தொட்டுப் பார்த்துவிட்டுச் சிரித்தார். அவர் சிரித்து அன்றுதான் பார்த்தார்கள்.

"ஏனுங்க, ஏரோப்ளேனுக்குப் பனியன் மாட்டி உடறீங்களா?" என்றார்.

இறக்கைக்குத் தறியில் நெய்த துணிதான் வேண்டும், பல்லடத்துக் காடாவே போதும், மேலே பூசுகிற டோப் என்கிற வார்னிஷ் காயக் காய அது மேளத் தோல் போல இறுகும், பின்னிய துணி இளகித் தொங்கிவிடும் என்றார். முதலாளிக்கு முகம் சிவந்துவிட்டது. பதினெட்டு நாட்டுக்காரன் போடுகிற துணியை ஒரு ஓட்டை விமானம் போடாதா, இந்த ஊரில் உட்கார்ந்துகொண்டு வெளித் துணி வாங்கினால் நாலு பேர் சிரிக்க மாட்டார்களா என்று கத்தினார். கத்திவிட்டு ரோஸ்மேரி பக்கம் திரும்பி, நீ சொல்லு என்றார்.

அவளுக்குத் தெரியும். இழுத்துத் தைத்த பின்னல் துணி எத்தனை நாளைக்கு நிற்கும் என்பது அவள் விரலுக்கே தெரியும். ஆனால் காடாவை வாங்கி, நனைத்துச் சுருக்கி, புதிதாக வெட்டித் தைக்க இன்னும் இரண்டு வாரம் ஆகும். பன்னிரண்டாம் தேதி போய்விடும்.

"நல்லாத்தான் நிக்கும் சார்," என்றாள். "இழுத்துப் புடிச்சித் தச்சா அசையாது."

திருமூர்த்தி அவளையே பார்த்தார். "தெரிஞ்சுதான் சொல்றே அம்மிணி," என்று மட்டும் சொல்லிவிட்டு வெளியே போனார். அவளுக்கு உடம்பெல்லாம் கூசியது. அதற்காகவே அந்த மனிதரை இன்னும் அதிகமாக வெறுத்தாள்.

ஐந்தாம் தேதி இறக்கைகள் முடிந்தன, டோப்பும் பூசியாயிற்று. பன்னிரண்டாம் தேதி காலை அவள் முறுக்கும் அதிரசமும் கட்டிக்கொண்டு செருப்பை மாட்டும்போது வாசலில் ஹாரன் கேட்டது. ஒரு நிமிஷம் வந்து பார்த்துவிட்டுப் போகட்டும், அங்கிருந்தே தாராபுரம் பஸ் ஏறிக்கொள்ளலாம் என்று முதலாளி சொல்லியனுப்பியிருந்தார்.

இறக்கைத் துணி சட்டத்துக்குச் சட்டம் இளகி, பழைய கயிற்றுக் கட்டில் மாதிரி தொங்கிக்கொண்டிருந்தது. முதலாளி எல்லோரையும் கூட்டி வைத்துக்கொண்டு ரோஸ்மேரியின் கையைப் பற்றிப் பேசினார். துணி தங்கமான துணி, தைத்த கைதான் தரித்திரம் என்றார். பதினைந்தாம் தேதி பெரிய மனிதர்கள் வருகிறார்கள், மூன்று நாளும் இங்கேயே கிடந்து இறுக்கித் தைத்துவிட்டுத்தான் நகர வேண்டும் என்றார்.

அவளுக்குள் இரண்டு மாதமாகக் கொதித்துக்கொண்டிருந்தது பொங்கிவிட்டது.

"தையல்ல ஒண்ணும் இல்ல சார். துணிதான் தப்பு. அன்னைக்கே எனக்குத் தெரியும். எம் புள்ளையப் பாக்கப் போணுமேன்னு பொய் சொன்னேன்."

திருமூர்த்தி கத்தரிக்கோலைக் கொண்டுவந்து அவள் கையில் கொடுத்தார். நீயும் முதலாளியும் சேர்ந்து கெடுத்தது, நீயே பிரி, விமானம் எலும்பும் தோலுமாக நின்றாலும் பொய்யைப் போர்த்திக்கொண்டு நிற்க வேண்டாம் என்றார். அவர் குரலில் துளி இரக்கமில்லை. அந்த வார்த்தை நியாயமானது என்பதுதான் அவளுக்குத் தாங்கவில்லை. பையை ஓரமாக வைத்துவிட்டு உட்கார்ந்து பிரிக்க ஆரம்பித்தாள். முதலாளி தலைக்கு மேல் கத்திக்கொண்டே இருந்தார், அவள் நிமிரவில்லை. இரண்டு இறக்கையும் வெறும் மரமாக நின்றபோது மணி பதினொன்றாகியிருந்தது.

அவள் பையை எடுத்ததும் முதலாளி வழியில் வந்து நின்றார்.

"இன்னைக்கு நீ பஸ் ஏறுனீன்னா நாளைக்குக் கம்பெனி கேட்டுப் பக்கம் வந்தராதம்மா."

அவள் அவரைச் சுற்றிக்கொண்டு நடந்தாள். பயமாகத்தான் இருந்தது. பயத்தோடேயே தாராபுரம் பஸ்ஸில் ஏறி, அங்கே மாறி, உடுமலையில் மறுபடி மாறி, பள்ளிக்கூட வாசலுக்குப் போய்ச் சேர்ந்தபோது நாலரை. உள்ளே மரங்களுக்குக் கீழே பெஞ்சு பெஞ்சாகத் தாய் தகப்பன்மார் பிள்ளைகளுக்குப் பலகாரம் ஊட்டிக்கொண்டிருந்தார்கள்.

வாசலில் இருந்த சிஸ்டர் ரோஸ்மேரியின் பெயரைக் கேட்டுவிட்டுத் தயங்கினார். தன்னைப் பார்க்க யாரும் வருவதில்லை என்று சொல்லி, வருகிறவர்களுக்குத் தண்ணீர் கொடுக்கும் வேலையை ஜோதிகாவே கேட்டு வாங்கிக்கொண்டாள் என்றார்.

ரோஸ்மேரி காலியாக இருந்த பெஞ்சில் உட்கார்ந்தாள். ஜோதிகா தட்டில் டம்ளர்களோடு ஒவ்வொரு பெஞ்சாக வந்தாள். அம்மாவைப் பார்த்தாள். நடையை எட்டிப் போடவும் இல்லை, குறைக்கவும் இல்லை. எம்மா என்று ஓடிவந்து கழுத்தைக் கட்டிக்கொள்கிற பிள்ளை, நேராக வந்து நின்று தட்டை நீட்டியது.

"தண்ணி வேணுங்களா?"

"ஏட்டி, அம்மா வந்திருக்கேன்ட்டி."

"தெரியுதுங்க," என்றாள் ஜோதிகா. "குடிச்சிட்டு டம்ளரக் குடுங்க. அந்தப் பக்கம் இன்னும் நாலு பேருக்குக் குடுக்கோணும்."

ரோஸ்மேரி குடித்துவிட்டு டம்ளரைக் கொடுத்தாள். ஜோதிகா அதை வாங்கிக்கொண்டு அடுத்த பெஞ்சுக்குப் போனாள்.