மூவாயிரம் கடல் மைல்

அப்பாவின் விரல்களுக்கு நடுவே பென்சிலைச் செருகி, நழுவாமல் இருக்கத் தன் கையையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டான் மகன்.

“அக்கா எத்தனை மணிக்குக் கிளம்புனா?”

“ஆறு மணிக்குப்பா. நம்ம நேரத்துக்கு.”

வாயில் வந்த பொய். விமானத்தில் ஏதோ கோளாறு, எட்டு மணிக்குத்தான் எடுப்பார்களாம் என்று அவள் செய்தி அனுப்பிச் சில நிமிடங்கள்தான் ஆகியிருந்தன. மதியம் தாண்டுவது கஷ்டம் என்று டாக்டர் கைவிரித்துவிட்டார். மகள் இன்னும் ஏறவே இல்லை என்று தெரிந்தால் மனிதர் அப்போதே மூச்சை விட்டுவிடுவாரோ என்று அவனுக்குப் பயம்.

யாரிடம் சொல்கிறோம் என்பதைத்தான் யோசிக்கவில்லை. விமான நிலையத்தின் ஜன்னலில்லாத பின்னறையில் முப்பத்தோரு வருடம் உட்கார்ந்து, எங்கிருந்து எங்கே எவ்வளவு தூரம், எவ்வளவு நேரம் என்று விமானிகளுக்குக் கணக்குப் போட்டுக் கொடுத்தவர். ஒருநாளும் விமானத்தில் ஏறியதில்லை.

“மூவாயிரம் கடல் மைல். இந்த மாசம் காத்து பின்னாலேர்ந்து தள்ளும்.”

பென்சில் ஊர்ந்தது. பறக்க ஆறு மணி நேரம் இருபது நிமிடம். வெளியே வந்து வீடு சேர ஐம்பது நிமிடம். கடைசியில் 1.10 என்று எழுதி அடிக்கோடிட்டார்.

“அதுவரைக்கும் எனக்கு ஒன்னும் ஆகாது.”

“எழுதியே குடுத்துட்டாரு, கையெழுத்துதான் பாக்கி” என்று சிரித்தாள் நர்ஸ்.

“சிரிச்சது போதும், தண்ணி கொண்டாம்மா. அடுப்படியிலேர்ந்து இங்க நாப்பது செகண்டு. நீ ரெண்டு நிமிஷம் ஆக்குற.”

அதற்குப் பிறகு அவர் கண் சுவர்க் கடிகாரத்தை விட்டு நகரவில்லை. பன்னிரண்டு இருபதுக்கு, “இறங்கிட்டா” என்றார். மகனின் போன் திரையில் அக்காவின் விமானம் குட்டிப் படமாக இன்னும் நடுக்கடலில்தான் நின்றுகொண்டிருந்தது.

மகனுக்குத் தாங்கவில்லை. “அப்பா, ஃப்ளைட் லேட்டு. நான்தான் மாத்திச் சொல்லிட்டேன். இன்னும் ரெண்டு மணி நேரம் சேத்துக்கங்கப்பா.”

“எனக்கே நேரம் சொல்றியா?”

ஒன்று பத்துக்குக் கதவைத் திறக்கச் சொன்னார். திறந்தான். படிக்கட்டில் வெயில் மட்டும் இருந்தது. அப்பாவின் பார்வை அவனைத் தாண்டி, ஓர் ஆள் உயரத்தில் நின்றது.

“என்னடி இப்படி இளைச்சுட்ட? டேய், அக்காவுக்குத் தண்ணி குடு.”

தம்ளர் நிறைய ஊற்றி வாசல் பக்கம் நீட்டினான். எங்கே நீட்டுவது என்று தெரியவில்லை. கொஞ்ச நேரம் அப்படியே நின்றுவிட்டு, கட்டிலருகே ஸ்டூலில் வைத்தான். நிமிர்ந்தபோது நர்ஸ் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுடைய ஒரு கை அப்பாவின் இமைகள் மேல் இருந்தது.

அக்கா மூன்று பத்துக்கு வந்தாள். ஒரு நிமிடம் முன்பின் இல்லை.

அழுது ஓய்ந்த பிறகுதான் தம்ளரைக் கவனித்தாள். “இது யாருக்குடா?”

“உனக்குத்தான்.”

“எப்ப வச்ச?”

அவன் அடிக்கோடிட்ட காகிதத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டான்.

“நீ வந்தப்ப.”

அவள் ஒரே மூச்சில் குடித்தாள். வாசல் கதவு திறந்தே கிடந்தது. இருவரில் யாரும் எழுந்து போய்ச் சாத்தவில்லை.