ஆள் புழங்காத வீடு

கடிதத்தில் ஒரு தேதியைப் போட்டிருந்தால் அவள் இந்த அளவுக்குப் பயந்திருக்க மாட்டாள். வரும் நாட்களில் ஏதோ ஒரு காலையில் குடியேற்றத் துறை அதிகாரிகள் வீட்டுக்கு வருவார்கள் என்று மட்டும் இருந்தது. கணவனும் மனைவியும் உண்மையிலேயே ஒரே வீட்டில் சேர்ந்து வாழ்கிறார்களா என்று பார்ப்பார்களாம். அவர்களுக்குத் திருப்தியானால் அவளுடைய வசிப்பு அனுமதி நீடிக்கும். இல்லாவிட்டால் அவள் ஊருக்குத் திரும்ப வேண்டியதுதான். அவள் மட்டும். அவன் அவளுக்கு வெகுகாலம் முன்பே இங்கே வந்து நிரந்தர வசிப்பு அட்டை வாங்கியவன்.

"நாம என்ன பொம்மைக் கல்யாணமா பண்ணிக்கிட்டோம்? வரட்டுமே, பாக்கட்டுமே," என்றான் அவன். சொல்லிவிட்டுக் கடிதத்தை மடித்தான். பிறகு விரித்தான். மறுபடியும் மடித்தான்.

கல்யாணமான பிறகு சில வருடங்கள் போனிலேயே குடும்பம் நடத்தியவர்கள் அவர்கள். ஒருவழியாக அவள் இங்கே வந்து சேர்ந்தபோது, அவனுக்கு ரொட்டித் தொழிற்சாலையில் இரவு வேலை. அவளுக்கு ஓட்டலில் அறை சுத்தம் செய்யும் பகல் வேலை. அவள் கிளம்பி இறங்கும்போது அவன் ஏறி வருவான். முக்கால்வாசிக் குடும்பம் மாடிப்படியில்தான் நடந்தது. பால் வாங்கியாச்சா, வாடகை கட்டியாச்சா, கைக் காயத்துக்கு மருந்து போட்டீங்களா என்பதெல்லாம் படிக்கட்டுப் பேச்சு.

ஓட்டலில் அவளுடைய மாடிக்குப் பொறுப்பான அக்காவுக்குப் பூதக்கண்ணாடி என்று பெயர். தலையணை உறையில் ஒட்டிய ஒற்றை முடியை வாசலில் நின்றே கண்டுபிடிப்பவள். 'இந்த ரூம்ல உனக்கு முன்னாடி ஒருத்தரும் தங்கினதே இல்லைன்னு வர்றவனுக்குத் தோணணும்' என்பது அவள் தினமும் ஓதும் மந்திரம். கடித விஷயத்தைக் கேட்டதும் அக்காவின் முகம் சுருங்கியது.

"வீட்டைப் பளிச்சுனு வச்சுக்கோடி. இவங்களுக்கு அழுக்குன்னா ஆகவே ஆகாது. ரெண்டாம் மாடியில ஒருத்தி இருந்தாளே, அவ கதை தெரியும்ல?"

தெரியும். ரெண்டாம் மாடிக்காரிக்கு அனுமதி மறுத்துவிட்டார்கள். எதற்காக என்று யாருக்கும் தெரியாது. ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். அவளுடைய வேலைச் செருப்பு இன்னும் ஓட்டலின் உடை மாற்றும் அறைப் பெட்டியில் கிடந்தது. அதை எடுத்துப் போட யாருக்கும் கை வரவில்லை.

"உன் வீட்டுக்காரர்தான் பாவம்," என்று அக்கா சிரித்துச் சூழலை மாற்றப் பார்த்தாள். "இப்பவே உன் வீட்டுல உக்கார பயமா இருக்கும். எந்திரிச்சதும் பில்லு நீட்டுவியோன்னு."

அவளும் சிரித்தாள். காலையில் வீட்டில் இருப்பதற்காக அன்றைக்கே மதிய ஷிப்டு கேட்டு வாங்கிக்கொண்டாள்.

அதன் பிறகு ஒவ்வொரு காலையும் ஒரே மாதிரி விடிந்தது. அவன் வருவதற்குள் எழுந்து, மெத்தை விரிப்பின் ஓரங்களை அடியில் செருகி, சுருக்கம் தெரியாமல் இழுத்து விடுவாள். குழாயை உலர்ந்த துணியால் விரல் தடம் போகும்வரை தேய்ப்பாள். கண்ணாடி, கதவுப் பிடி, சுவிட்சு. அவனுடைய சவர சாமான்களைக் கழுவித் துடைத்து அலமாரிக்குள் தள்ளுவாள். மாவும் வியர்வையுமாக அவன் வந்து நின்றால் பகீரென்று இருக்கும்.

"நான் எங்கடி தூங்கறது?"

"நாற்காலியில சாஞ்சுக்கோங்க. இப்பதான் விரிப்பு போட்டேன். அவங்க வந்துட்டுப் போகட்டும்."

அவன் நாற்காலியில் தலையைத் தொங்கப் போட்டுத் தூங்கினான். படியில் காலடி கேட்கும்போதெல்லாம் அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள். காலடி மேல்மாடிக்குப் போகும். மறுபடி துடைக்க ஆரம்பிப்பாள்.

அவர்கள் வந்த காலையில் அவன் இல்லை. தொழிற்சாலையில் அடுப்பு ஒன்று பழுதாகி வேலை இழுத்துக்கொண்டு போனது. போனை உள்ளே கொண்டுபோக விடமாட்டார்கள். அவள் குப்பைப் பையைக் கீழே போட்டுவிட்டு வந்து, கை கழுவி, குழாயைத் துடைத்த நேரத்தில் மணி அடித்தது.

சாம்பல் நிறக் கோட்டு போட்ட ஒரு பெண் அதிகாரி. அவளுக்குப் பின்னால் கழுத்துப்பட்டை கட்டிய, வயதான ஒரு தமிழர்.

"நான் மொழிபெயர்ப்பாளர்மா. அவங்க சொல்றதை உங்களுக்குச் சொல்லுவேன். நீங்க சொல்றதை அவங்களுக்குச் சொல்லுவேன். நடுவுல நான்னு ஒரு ஆள் கிடையாது. எங்கிட்ட எதுவும் தனியா கேக்காதீங்க."

அவள் தலையாட்டினாள்.

அதிகாரி அவசரப்படவில்லை. அறையின் நடுவில் நின்று மெல்லச் சுற்றிப் பார்த்தாள். மேஜையில் ஒன்றும் இல்லை. நாற்காலியின் முதுகில் ஒரு துண்டுகூட இல்லை. அலமாரியைத் திறந்தாள். அவனுடைய சட்டைகள் ஒரே அளவில் மடித்து அடுக்கியிருந்தன, கடையில் இருப்பதுபோல. சவரத் தூரிகையை எடுத்து விரலால் தொட்டுப் பார்த்தாள். காய்ந்திருந்தது. குளியலறைக்குள் போனவள் அங்கேயே நின்றுவிட்டாள்.

அவள் எட்டிப் பார்த்தாள். கழிவறைக் காகிதச் சுருளின் நுனி அழகான முக்கோணமாக மடிந்திருந்தது. ஓட்டலில் புது விருந்தாளிக்காக மடித்து வைப்பதுபோல. எப்போது மடித்தாள் என்று அவளுக்கே நினைவில்லை. கை தன் போக்கில் செய்திருக்கிறது.

அதிகாரி ஏதோ சொன்னாள். மொழிபெயர்ப்பாளர் சுவரைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "இங்க ஆள் இருக்கற மாதிரியே தெரியலையாம்."

"இருக்கோம். ரெண்டு பேரும் இருக்கோம்."

"கட்டில்ல நீங்க எந்தப் பக்கம் படுப்பீங்கன்னு கேக்கறாங்க."

"நடுவுல."

"அவர்?"

"அவரும் நடுவுலதான்."

மொழிபெயர்ப்பாளர் ஒரு கணம் தயங்கி, அதையும் அப்படியே சொன்னார். அதிகாரி எழுதிக்கொண்டாள். எழுதும் சத்தம் அந்தச் சுத்தமான அறையில் தெளிவாகக் கேட்டது.

"நான் எந்திரிச்ச பிறகுதாங்க அவர் வருவாரு. சேர்ந்து படுக்க நேரமே…" என்று ஆரம்பித்தவள் பாதியில் நிறுத்தினாள். சொல்லச் சொல்ல அது வேறு யாரோ செய்த குற்றத்துக்கு வாக்குமூலம் மாதிரி இருந்தது. தன் கையாலேயே அவனை இந்த வீட்டிலிருந்து துடைத்து எடுத்துவிட்டோம் என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. ஒரு முடி இல்லை. ஒரு தடம் இல்லை.

தெருவில் குப்பை வண்டியின் உறுமல் கேட்டது.

அவள் ஓடினாள். "அம்மா, நில்லுங்க! இப்ப வெளிய போகக் கூடாது!" என்று மொழிபெயர்ப்பாளர் கத்தியது படியில் பாதி இறங்கிய பிறகுதான் காதில் ஏறியது. வெறுங்காலோடு குப்பை அறைக்குள் பாய்ந்தாள். தொட்டியை வாசலுக்கு உருட்டிக்கொண்டு போயிருந்தார்கள். வண்டிக்காரன் தொட்டியைக் கொக்கியில் மாட்டப் போகும் நேரத்தில் அதன் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். அவன் ஏதோ திட்டினான். தன் பையை அவளுக்குத் தெரியும். மற்றவர்கள் பையின் வாயை முடிச்சுப் போடுவார்கள். அவள் ஓட்டல் வழக்கப்படி முறுக்கி உள்ளே செருகுவாள்.

அந்தப் பையோடு திரும்ப ஏறி வரும்போது அதிகாரி மாடிப்படி முனையில், போனைக் காதில் வைத்துக்கொண்டு நின்றாள். ஆள் தப்பி ஓடிவிட்டதாகச் சொல்லிக்கொண்டிருப்பாள் என்று அவளுக்குத் தோன்றியது. அவளைக் கண்டதும் அதிகாரி போனை இறக்கினாள்.

அவள் யாரையும் பார்க்கவில்லை. பளபளக்கும் தரையின் நடுவில் பையைத் தலைகீழாகக் கவிழ்த்தாள்.

தேயிலைச் சக்கை. முட்டை ஓடு. நுரை காய்ந்த காகிதத்தில் கறுப்பும் நரையுமாக மீசை முடி. அவள் சீப்பிலிருந்து உருவிச் சுருட்டிய கூந்தல். தொழிற்சாலையிலிருந்து அவன் தினமும் கொண்டுவரும் கருகிய ரொட்டியின் ஓரம். மாவு அப்பிய, மஞ்சள் மருந்து ஊறிய கட்டுத்துணி.

"இது அவர் மீசை. இது என் முடி. இது அவர் கைக்கட்டு, அடுப்புல சுட்டுக்கிட்டாரு. நேத்து நான்தான் மாத்தினேன். சொல்லுங்க அவங்ககிட்ட, சொல்லுங்கய்யா!"

அவர் சொன்னார். அதிகாரி குந்தி உட்கார்ந்து பேனா நுனியால் கட்டுத்துணியைப் புரட்டினாள். அவள் கேட்ட கேள்வியைச் சொல்வதற்கு முன் மொழிபெயர்ப்பாளர் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"இந்தக் குப்பை இந்த வீட்டோடதுதான்னு எப்படி நம்பறதுன்னு கேக்கறாங்கம்மா."

கீழே தொட்டி நிறையப் பைகள். ஒரு கட்டிடம் முழுக்க மனிதர்கள், மீசைகள், முட்டை ஓடுகள். அவள் குப்பையின் நடுவில் அப்படியே நின்றாள். ரெண்டாம் மாடிக்காரியின் செருப்பு ஏனோ கண்முன் வந்தது.

கதவு திறந்திருந்ததால் அவன் வந்தது தெரியவில்லை. புருவம் வெளுக்க மாவு, அக்குளில் ரொட்டிப் பொட்டலம். அதிகாரி எழுந்து மொழிபெயர்ப்பாளரோடு அலமாரிப் பக்கம் ஒதுங்கியிருக்க, அவன் கண்ணில் முதலில் பட்டது தரைதான்.

"என்னடி இது கூத்து? படுத்தா விரிப்பு கசங்கும்னு என்னை நாற்காலியில தூங்க வச்சுட்டு, நீ நடுவீட்டுல குப்பையைக் கொட்டி வச்சிருக்க?"

அவளுக்குள் இத்தனை நாள் இறுகியிருந்தது எதுவோ பட்டென்று தெறித்தது.

"இவ்வளவு நேரம் எங்க போய்த் தொலைஞ்சீங்க? கைக்கட்டு எங்க? தண்ணி படக் கூடாதுன்னு படிச்சுப் படிச்சு சொன்னேன்ல? காட்டுங்க கையை!"

"கையை விடுடி, எரியுது."

"எரியட்டும். அப்பவாவது புத்தி வருதான்னு பாப்போம்."

அவள் அந்தக் கையைப் புரட்டிப் பார்த்துக்கொண்டிருக்கையில்தான் அவன் மற்ற இருவரையும் கண்டான். கை அவள் பிடியிலேயே உறைந்துபோனது.

அதிகாரி மொழிபெயர்ப்பாளரைப் பார்த்தாள். அவர் முதல்முறையாகச் சொல் கிடைக்காமல் தடுமாறினார். பிறகு கழுத்துப்பட்டையைத் தளர்த்திக்கொண்டு, நாற்காலி, விரிப்பு, எரிச்சல், புத்தி என்று சண்டை முழுவதையும் ஒரு வரி விடாமல் சொன்னார். அதிகாரியின் முகம் மாறவில்லை. குப்பையைப் படம் பிடித்தாள். கட்டிலைப் படம் பிடித்தாள். அவனுடைய கையையும் ஒரு படம்.

"முடிவு தபால்ல வருமாம்," என்றார் அவர். அவர் செருப்பை மாட்டும்போது அவள் அந்த முகத்தில் எதையாவது படித்துவிடப் பார்த்தாள். அவர் குனிந்த தலை நிமிராமல், "வரேம்மா," என்றார். விடைபெறும் வழக்கமான பேச்சுதான். ஆனாலும் அவர்கள் மறுபடி வருவார்களோ என்று அவள் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

படியில் காலடிகள் இறங்கித் தேய்ந்தன. அவள் துடைப்பத்தை எடுத்தாள். ரொட்டி ஓரத்தின் மேல் வைத்தாள். பெருக்க முடியவில்லை. சுவரோரம் சாய்த்துவிட்டாள்.

"இன்னிக்கு வேலைக்குப் போகலையா?" என்று கேட்டான் அவன்.

"போகலை."

கட்டிலின் அருகே இருவரும் நின்றார்கள். எந்தப் பக்கம் யாருக்கு என்று இருவருக்குமே தெரியவில்லை. கடைசியில் அவன் சுவர்ப்பக்கம் நகர்ந்தான். மாவுச் சட்டையோடு படுக்காதீங்க என்று வாய் வரைக்கும் வந்ததை அவள் விழுங்கினாள். விரிப்பு கசங்கியது. தலையணையில் அவனுடைய முடி ஒன்று உதிர்ந்து கிடந்தது. பழக்கத்தில் எடுக்கப் போன விரலை மடக்கிக்கொண்டாள்.

படியில் மறுபடி யாரோ ஏறி வந்தார்கள். இருவரும் மூச்சைப் பிடித்துக்கொண்டார்கள். காலடி அவர்கள் கதவருகே வந்தது. சற்று நின்றது. அவன் புண்பட்ட கை அவள் கையைத் தேடி இறுக்கிப் பிடித்தது. எரிந்திருக்கும். விடவில்லை.

காலடி மேல்மாடிக்குப் போனது.