ஈர வைக்கோல்

பெனிங் பூண்டுக்குத் தண்ணீர் விட்டது செவ்வாய்க்கிழமையா, புதன்கிழமையா என்று இப்போது உறுதியாகச் சொல்ல முடியாது. மண்வெட்டியைக் கழுவியது வியாழன் மதியம். அதில் சந்தேகமில்லை. அவள் அப்பா சிப்ரியானோவைக் கூடத்தில் கிடத்திவிட்டு அக்கம்பக்கத்தார் சவப்பெட்டிக்குச் சொல்லப் போயிருந்தார்கள். அவள் கொல்லைக் குழாயடியில் குந்தி, சேற்றை விரலால் வழித்துக்கொண்டிருந்தாள். ஆட்களைக் கூப்பிடுவதற்கு முன்பே மண்வெட்டியை வாழை மறைவில் தள்ளியிருந்தாள்.

இலை மஞ்சளானால் பூண்டு முற்றிவிட்டது, தண்ணீரை நிறுத்த வேண்டும், இல்லாவிட்டால் அழுகும். வருஷா வருஷம் அவர் சொல்வதுதான். காய்ச்சலில் அவர் படுத்திருந்த வாரம், இலைகள் வெளிறுவதைப் பார்த்து, பூண்டு காய்கிறது என்று அவள் நினைத்துவிட்டாள். குழாயைத் திறந்து நான்கு பாத்திக்கும் நிறைய விட்டாள். வியாழன் உச்சி வெயிலில் அவர் ஜன்னல் வழியே, பாத்திகளின் மேல் பரப்பியிருந்த வைக்கோல் ஈரத்தில் கறுத்திருப்பதைப் பார்த்திருக்க வேண்டும். மடையை வெட்டித் தண்ணீரை வடிக்க மண்வெட்டியோடு போனவர், மூன்றாம் பாத்தியில் முகம் கவிழ்ந்து கிடந்தார்.

வாசலில் கட்டை எரிந்தது. அடக்கம் வரை அது அணையக் கூடாது. ஹவாயிலிருந்து தம்பி நார்டோ வந்துசேர நான்கு நாளாயிற்று. பெட்டிக்குள் வெகுநேரம் பார்த்தான். பிறகு, மனாங் என்று அவன் கூப்பிடும் அக்காவைப் பார்த்தான்.

"காய்ச்சல்ல கெடந்த மனுஷன் உச்சி வெயில்ல தோட்டத்துக்கு எதுக்குப் போனாரு மனாங்?"

"தெரியல."

"நீ எங்க இருந்த?"

"கஞ்சி வச்சிட்டிருந்தேன்."

இறந்தவரின் தங்கை உர்சுலா அத்தை காபியோடு குறுக்கே வந்தாள். "அவன் யாரு சொல்லி எதைக் கேட்டான்? கல்யாணத்தன்னிக்கே பூண்டு பாக்கப் போயிட்டான். பாதிரியாரு ஆளனுப்பி இழுத்துட்டு வந்தாரு."

கூடமே சிரித்தது. பெனிங்கும் சிரித்தாள். தன் சிரிப்பு காதில் விழுந்ததும் வாயைப் பொத்திக்கொண்டாள்.

பிணத்துக்குக் காவலிருந்து சீட்டாடிக்கொண்டிருந்த பக்கத்து வீட்டு இசிட்ரோ தலை நிமிர்ந்தான். "இலையெல்லாம் சாஞ்சிருச்சு பெனிங். நாலு பேரு சும்மாதானே ஒக்காந்திருக்கோம், பிடுங்கிப் போட்டுர்றோம்."

"பொணம் கெடக்குற வீட்ல தரையக்கூடப் பெருக்க மாட்டோம். பூண்டு பிடுங்குறதா?"

இசிட்ரோ சீட்டுக்குத் திரும்பினான். குரல் அத்தனை உரக்க வந்திருக்க வேண்டாம்.

அடக்கத்துக்கு மறுநாள் காலை ஆற்றில் தலை முழுக வேண்டும். வைக்கோலை எரித்த சாம்பலைக் கரைத்துத் தேய்ப்பது வழக்கம். அத்தை கூடையோடு பூண்டுப் பாத்திக்கு நடந்தாள். பெனிங் பின்னால் ஓடினாள்.

"அங்க வேணாம் அத்தை. இசிட்ரோ வீட்ல வாங்கிக்கலாம்."

"எங்கண்ணன் கையால பரப்புனது இருக்கறப்ப ஊரான் வைக்கோல் எதுக்குடி?"

அத்தை மூன்றாம் பாத்தியில் வைக்கோலைப் புரட்டினாள். மேலே பொன்னிறம். அடியில் ஈரமும் பூஞ்சையும். ஒரு பூண்டைப் பிடுங்கினாள். தோல் கிழிந்து, பற்கள் பிளந்து, பழுப்பேறி நாறியது. அத்தை அதைப் பார்த்தாள். பாதி வெட்டியிருந்த மடையைப் பார்த்தாள். கடைசியாகப் பெனிங்கின் கைகளைப் பார்த்தாள்.

"என்ன அங்க?" என்றபடி நார்டோ வந்தான்.

அத்தை வைக்கோலை இழுத்து மூடினாள். பூண்டு அவள் கைக்குள் இருந்தது.

"ஒண்ணுமில்ல. இது எரியாது. இசிட்ரோ வீட்ல ஒரு கட்டு வாங்கிட்டு வா."

ஆற்றில் நார்டோவின் தலையை அத்தை சீக்கிரம் முடித்துவிட்டாள். பெனிங்கின் தலையை நெடுநேரம் தேய்த்தாள். விரல்கள் வலிக்க வலிக்க அழுந்தின.

"கண்ண மூடிக்கோ" என்று மட்டும் சொன்னாள்.

நார்டோ ஹவாய் திரும்பினான். அந்தக் கேள்வியை அவன் மறுபடி கேட்கவில்லை. அத்தை இரண்டு வருஷம் கழித்து ஒரு மழைக்காலத்தில் இறந்தாள். அதுவரை யாரிடமும் வாய் திறக்கவில்லை. சிப்ரியானோ வருஷா வருஷம் எடுத்து வைத்து நட்ட விதைப்பூண்டு அந்தப் பாத்திகளோடு அழுகிப்போயிற்று. பெனிங் சந்தை விதை வாங்கி நடுகிறாள். இலை நுனி மஞ்சளாகும் நாளில் கொல்லைக் குழாயின் திருகைக் கழற்றி, அரிசிப் பானைக்குள் புதைத்து வைக்கிறாள்.